ஓரத்தில் நிற்கும் ஒன்று

உங்கள் மேசைமேல் இருக்கும் போனைக் கொஞ்சம் கவிழ்த்து வைக்க முடியுமா என்று நேற்று நான் கேட்டது மரியாதைக் குறைவாகப் பட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள், ஐயா. அதில் சிவப்பு வட்டத்துக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு என்று காட்டிக்கொண்டிருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு செய்திகளைப் படிக்காமல் போட்டுவிட்டு ஒரு மனிதர் எப்படி நிம்மதியாகக் காப்பி குடிக்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை. எனக்கு ஒன்று இருந்தாலே தொண்டையில் மீன்முள் சிக்கினதுபோல இருக்கும்.

பேசுவதைவிட எழுதுவது எனக்குக் கைவந்தது என்றேன். தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். பதினோரு வருடமாகப் பிறருக்குப் பதில் எழுதித்தான் சோறு தின்கிறேன். பெயர் நம்குங் யூன். வயது நாற்பத்தொன்று. பாங்யோவில் ஒரு கேம் கம்பெனியில் ஆபரேட்டர். ஆட்டக்காரர்களின் புகார், கெஞ்சல், வசவு எல்லாவற்றுக்கும் பதில் போடுகிறவள். அவர்களுக்கு என் சொந்தப் பெயர் தெரியாது. அவர்களுக்கு நான் 'ஆபரேட்டர் பேரிக்காய்'.

நான் கல்நெஞ்சக்காரி என்று உங்கள் முகத்தில் எழுதியிருக்கிறது. எனக்கும் எல்லோரையும் போலத்தான் அபிப்பிராயங்கள். விளம்பரத்தை மூடும் பெருக்கல் குறியை எள்ளளவுக்குச் சுருக்கி ஒரு மூலையில் ஒளித்து வைக்கிறார்களே, அவர்களை எனக்குப் பிடிக்காது. நன்றாக இருந்த பொத்தானை இடம் மாற்றிவிட்டு 'உங்கள் வசதிக்காக' என்று எழுதுகிறவர்களையும் பிடிக்காது. ஊருக்கு வந்த மாமியார் அஞ்சறைப் பெட்டியை இடம் மாற்றிவிட்டுப் போனதுபோல அது. யாரும் படிக்க மாட்டார்கள் என்று தெரிந்தே நாற்பது பக்கம் விதிமுறை எழுதி, கடைசியில் 'படித்தேன், சம்மதம்' என்று பொய் சொல்ல வைப்பதும் நல்ல பழக்கம் இல்லை. இதையெல்லாம் நான் கம்பெனிக் கூட்டத்திலேயே சொல்லியிருக்கிறேன். வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நான் முழு மனதோடு ஆதரித்தது ஒன்றைத்தான். நம் மெசஞ்சரில் அனுப்பிய செய்தியின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு '1' நிற்குமே, எதிராளி திறந்து பார்த்தால்தான் போகுமே, அது. எத்தனை காதல் அந்த ஒன்றால் முறிந்தது என்று எல்லோரும் திட்டுவார்கள். எனக்கு அது நேர்மையான எண் என்று தோன்றும். படித்தாயா, படிக்கவில்லையா, பசப்புவதற்கு இடமே இல்லை. எங்கள் ஆட்டத்தின் கடிதப் பெட்டியிலும் அந்த ஒன்றை வைக்கலாம் என்று ஏழு வருடத்துக்கு முன்னால் யோசனை சொன்னதே நான்தான். அதற்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

ஆட்டத்தின் பெயர் 'நீர்நாய்த் துறை'. ஆளுக்கொரு நீர்நாய், ஆளுக்கொரு சின்னத் துறைமுகம். மீன் பிடிக்கலாம், படகுக்கு வண்ணம் அடிக்கலாம், அடுத்த துறைக்குக் கடிதம் போடலாம். யாரும் யாரையும் சுட மாட்டார்கள். தினமும் உள்ளே வந்தால் வருகைப் பலகையில் ஒரு மீன் முத்திரை விழும். ஒரு வருடம் முத்திரை விழாத கணக்கை அழித்துவிடுவோம்.

பியோன் ஜோங்-மான் எப்படி எங்கள் ஆட்டத்துக்கு வந்தார் என்பது உங்கள் கோப்பில் இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். உய்ஜொங்புவில் சிற்றுந்து ஓட்டுகிறவர், ஐம்பத்தெட்டு வயது. மகள் ஹே-இன்னுக்கு ரத்தப் புற்றுநோய். மருத்துவமனைக் கட்டிலில் இரண்டு வருடம் அந்தப் பெண் எங்கள் ஆட்டத்தில்தான் குடியிருந்தாள். அவளுடைய நீர்நாயின் பெயர் 'முள்ளங்கி ஊறுகாய்'. விரல் தூக்க முடியாத நாட்களில், "அப்பா, முத்திரை மட்டும் குத்திடுங்க" என்பாளாம். பத்தொன்பது வயதில் போய்விட்டாள். அப்பா முத்திரை குத்துவதை நிறுத்தவில்லை. தனக்கும் ஒரு கணக்குத் தொடங்கினார். தினம் காலையில் டெப்போவில் மகள் போனைத் திறந்து அவளுக்கு ஒரு முத்திரை, பிறகு தன் போனில் தனக்கு ஒன்று, பிறகு தன் துறையிலிருந்து அவள் துறைக்கு ஒரு கடிதம். நான்கு வருடம். ஆட்டக்காரர்கள் அவரை 'முள்ளங்கி அப்பா' என்பார்கள்.

ஒரு தடவை அந்தக் கணக்கைத் தன் பெயருக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டு எழுதினார். விதி பதினேழின்படி கணக்கு வாரிசுக்குப் போகாது. எங்கள் பதில் கையேட்டில் ஒரு சட்டம் உண்டு: 'முடியாது', 'இல்லை', 'மாட்டோம்' என்ற சொற்களை எழுதக் கூடாது. அதனால் 'தங்கள் மேலான கருத்தைக் கவனத்தில் எடுத்துக்கொண்டோம், இன்னும் கொஞ்சம் பொறுத்திருங்கள்' என்று எழுதினேன். அவர் பொறுத்திருந்தார்.

போன டிசம்பரில் ஆட்டத்தை மூடப் போவதாக அறிவித்தோம். பிப்ரவரி கடைசியோடு சர்வர் நிற்கும். அடுத்த வாரமே ஆட்டக்காரர்கள் கூடிப் பணம் போட்டு, மின்திரை மாட்டிய டிரக் ஒன்றை எங்கள் கட்டடத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கேம் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். மழைக்கு முன்னால் தவளை கத்துகிற மாதிரி, எதையாவது மூடினால் டிரக் வரும். திரையில் 'எங்கள் துறைமுகத்தை மூழ்கடிக்காதே' என்று ஓடிக்கொண்டே இருக்கும். நாங்கள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு வேலை பார்ப்போம். இந்தத் தடவை டிரக்குக்குப் பக்கத்தில் ஒரு மனிதரும் நின்றார். வேலை இல்லாத நாளெல்லாம் வந்தார். கையில் மகளுடைய நீர்நாயின் படம்.

எங்கள் டீம் லீடர் யோம் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"டிரக் நிக்கட்டும், பேரிக்காய். டிரக் ஒரு டிவி. டிவிய பாத்து யாரும் அழ மாட்டாங்க. பக்கத்துல நிக்கறாரே அந்த அப்பா, அவரைப் பாத்தா அழுவாங்க. புது கேம் வெளியீட்டு அன்னைக்குப் பத்திரிகைக்காரங்க வருவாங்க. அவர் படத்துல வரக் கூடாது."

"என்ன பண்ணணும்ங்கிறீங்க?"

"நான் என்னத்தைச் சொல்றது. அவர் கணக்கு, பொண்ணு கணக்கு எல்லாத்தையும் ஒரு தடவை திறந்து பாரு. எதாவது கிடைக்கும். நான் எதுவும் சொல்லல, நீ எதுவும் கேக்கல."

அப்படித்தான் ஹே-இன்னின் கணக்கை நிர்வாகிக் கடவுச்சொல்லால் திறந்தேன். இறந்தவர் கணக்கைத் திறந்தால் வேலை போகும் என்பது எனக்குத் தெரியும். திறந்ததும் கடிதப் பெட்டிமேல் சிவப்பு வட்டம். ஆயிரத்து நானூற்று அறுபத்து மூன்று.

ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள், ஐயா. நான்கு வருடக் கடிதம், ஒன்றுகூடப் படிக்கப்படாமல். மகள் போன் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது, ஆனாலும் அவர் அவள் பெட்டியைத் திறந்ததே இல்லை. பெண்ணுக்கு வந்த கடிதத்தை அப்பன் திறப்பது முறையில்லை என்று நினைத்திருக்கிறார், அதை எழுதினதே தான் என்றாலும். அந்த எண்ணை அப்படியே விட்டுவிட்டு மூடிவிடலாம் என்று இரண்டு தடவை முயற்சி செய்தேன். முடியவில்லை. மூன்று நாள் மதிய உணவு நேரத்தில் எல்லாவற்றையும் படித்து முடித்தேன். வட்டம் போனது. மனசுக்கு இதமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

அந்தப் பக்கம் அவர் திரையில் ஆயிரத்து நானூற்று அறுபத்து மூன்று ஒன்றுகளும் மறைந்துபோயின என்பது மறுநாள் காலையில்தான் எனக்கு உறைத்தது. அவர் எழுதியிருந்தார்: "ஒன்னெல்லாம் போயிடுச்சு. யாரு படிச்சது?"

வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் இருப்பது என் பழக்கம் இல்லை. அதுவும் அரை மணிக்குள் போட வேண்டும் என்பது கையேடு. 'நான்தான் அப்பா. லேட்டா படிச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க' என்று எழுதினேன். ஹே-இன் உயிரோடு இருந்தபோது தோழிகளுக்கு எழுதினதெல்லாம் சர்வரில் இருந்தது. அவள் எப்படிப் பேசுவாள், எதற்குச் சிரிப்பாள், அப்பாவை என்னவென்று கிண்டல் செய்வாள் என்று பார்த்துத்தான் எழுதினேன். அரைகுறையாக எதையும் செய்து எனக்குப் பழக்கம் இல்லை.

அவர் ஒன்றும் ஏமாளி இல்லை. அன்று சாயங்காலமே பதில் வந்தது. "நீ ஹே-இன் இல்ல. அவ சாம்பலை நானே கையால தூக்கி வெச்சேன். வார்டுல அவகூட இருந்த பொண்ணுங்கள்ல யாரோ ஒருத்தி நீ. பாஸ்வேர்டு சொல்லியிருப்பா. யாருன்னு சொல்ல வேண்டாம். ஆனா நிறுத்திடாத."

நான் அதை ஆமோதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மறுக்கும் சொற்கள் கையேட்டில் இல்லை என்று முன்பே சொன்னேன்.

ஐந்து வாரம் எழுதினோம். அவர் பேருந்தில் ஏறுகிறவர்களைப் பற்றி எழுதுவார். இதயத்தில் வைத்த குழாய், வேளாவேளைக்குப் போடும் மாத்திரை, ஹே-இன்னுக்குப் பிடித்த அவித்த சோளம் எல்லாம் எழுதுவார். கங்வொன் மலைக் கணவாயில் ஒரு பழைய ஓய்விடம் உண்டு. புதுச் சுரங்கப் பாதை வந்த பிறகு அந்த வழியாக யாரும் போவதில்லை. கடலுக்குப் போகும்போதெல்லாம் அப்பாவும் மகளும் அங்கே வண்டியை நிறுத்திச் சோளம் தின்பார்களாம்.

அந்த நாட்களில் ஒரு மதியம் காப்பி வாங்கக் கீழே போனேன். டிரக் ஓரத்தில் அவர். கையில், மீன் வடிவத்தில் சுட்ட சூடான ரொட்டிப் பொட்டலம். என்னைப் பார்த்து ஒன்றை நீட்டினார்.

"எடுத்துக்கங்கம்மா. உள்ள இனிப்புப் பயறு. உங்க கம்பெனி மாதிரி இல்ல, உள்ள நிஜமாவே என்னமோ இருக்கு."

வாங்கிக்கொண்டேன்.

"இந்தக் கட்டடத்துலதான் வேலையா? அப்போ ஒன்னு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. ஆபரேட்டர் பேரிக்காய்னு ஒருத்தர் இருக்காராமே, ஆம்பளையா பொம்பளையா?"

"தெரியலீங்க. வேற மாடியா இருக்கும்."

"நாலு வருஷத்துல பதினாறு தடவை எனக்குப் பதில் போட்டிருக்காரு. பதினாறுலயும் ஒரு விஷயம்கூடச் சொல்லல. அப்படி எழுதறதுக்குப் பெரிய படிப்பு வேணும்." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இப்போ எனக்கு ஒருத்தங்க எழுதறாங்க. யாருன்னு தெரியாது. நான் எழுதினா அந்த ஒன்னு போயிடுது. உங்க கம்பெனியில அது ஒன்னுதான் உருப்படி. அதை யோசிச்சவர் நல்லா இருக்கணும்."

மீன் ரொட்டி நன்றாக இருந்தது. லிஃப்டிலேயே தின்றுவிட்டேன்.

வெளியீடு, சந்திரப் புத்தாண்டு விடுமுறைக்கு முந்தின கடைசி வேலை நாளில், மதியம் இரண்டு மணிக்கு. அதற்கு நான்கு நாள் முன்னால் அவருக்கு எழுதினேன்: 'அப்பா, உங்களைப் பாக்கணும். சோளம் தின்ன இடத்துக்கு வாங்க. வெள்ளிக்கிழமை மதியம்.' அவர் கேள்வியே கேட்கவில்லை. "வரேன்" என்று மட்டும் எழுதினார். மகளின் தோழி ஒருத்தி வரப் போகிறாள் என்று நம்பினார். என் கணக்கு சுலபமானது. மலைக்குப் போக மூன்று மணி நேரம், காத்திருக்க இரண்டு, பண்டிகைக் கூட்டத்தில் திரும்ப ஐந்து. ஒரு நாள் கழிந்துவிடும். அவருக்கு எந்தக் கெடுதலும் நினைக்கவில்லை. படத்தில் வரக் கூடாது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டேகாலுக்கு எழுதினார்: "வந்துட்டேன். சோளக் கடை மூடிக் கிடக்கு. ஒரு ஈ காக்கா இல்ல. நீ மெதுவா வா, பண்டிகை ரோடு தெரியும்ல."

வெளியீடு இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்கி நல்லபடியாக முடிந்தது. டிரக்கைப் பத்திரிகைக்காரர்கள் ஒரு படம் எடுத்தார்கள், அத்தோடு சரி. இடையிடையே அவர் கடிதம் வந்துகொண்டிருந்தது. ஃப்ளாஸ்க்கில் பார்லித் தேநீர் கொண்டுவந்திருப்பதாகவும், எனக்கு ஒரு கோப்பை தனியாக எடுத்து வைத்திருப்பதாகவும். நான் 'வந்துட்டிருக்கேன் அப்பா, ரோட்டுல வண்டி நகரவே மாட்டேங்குது' என்று எழுதினேன். புத்தாண்டு நேரத்தில் இதை நம்பாத ஆள் இந்த நாட்டில் உண்டா? ஏழு மணி நேரம் தாமதமானாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஆறு மணிக்கு எல்லோருக்கும் பண்டிகைப் பரிசாக டின் இறைச்சிப் பெட்டி கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். யோம் என் பெட்டிமேல் இன்னொரு பெட்டியையும் வைத்தார். "அம்மாவுக்குக் கொடு" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அப்போது நான் அவருக்கு 'வரவில்லை, வீட்டுக்குப் போங்கள்' என்று எழுதியிருக்கலாம். எழுதத் தொடங்கினேன். அழித்தேன். ஐந்து வாரம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒன்றை அப்படி முறிக்க மனம் வரவில்லை. அதனால் ஷிப்டு முடித்துப் போகும்போது எல்லாக் கணக்குக்கும் போடுகிற தானியங்கிப் பதிலை ஹே-இன் கணக்குக்கும் போட்டேன். எந்தக் கடிதம் வந்தாலும் ஒரு நிமிடத்தில் 'வந்துட்டிருக்கேன் அப்பா, இன்னும் கொஞ்சம் பொறுங்க' என்று போகும். பிறகு அம்மா வீட்டுக்கு, ஜொன்ஜுவுக்கு ரயில் ஏறினேன்.

முதல் நாள் விசாரணையில் இந்த இடத்தில்தான் நிறுத்தினேன். தானியங்கிப் பதிலை அணைக்க மறந்துவிட்டேன், விடுமுறை, கவனக் குறைவு என்றேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அது பொய் இல்லை. ஆனால் முழுசும் இல்லை.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டில் படையலுக்குப் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தோம். பூசணி, மீன், கறி உருண்டை எல்லாம் முட்டையில் தோய்த்து வரிசையாகப் பொரிக்க வேண்டும். அம்மா, இரண்டு சித்திகள், நான். என் போன் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில்.

"ஏண்டி யூன், அந்தப் போனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டியா?" என்றாள் பெரிய சித்தி. "நிமிஷத்துக்கு ஒரு தடவ கூப்பிடுதே."

"நல்ல மாப்பிள்ளைதான்" என்றாள் சின்னவள். "சோறு கேக்காது, சட்டை துவைக்கச் சொல்லாது."

"விடுங்கடி. ஆபீசு வேலையா இருக்கும். பாவம், பண்டிகைக்கும் விட மாட்டேங்கறானுங்க" என்றாள் அம்மா.

போனில் சிவப்பு வட்டம். ஒன்பது. வேலைக் கணக்கை என் போனிலும் திறந்து வைத்திருந்தேன். எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுத் திறந்தேன். இரவு முழுக்க எழுதியிருந்தார். வண்டியிலேயே தூங்கினார். ஹீட்டரை அரை மணி போட்டு அரை மணி அணைத்தார். "நீ எங்கயோ ரோட்டுல குளிர்ல மாட்டிக்கிட்டு இருக்க. நான் சௌகரியமா உக்காந்திருக்கேன்" என்று எழுதியிருந்தார். ஒன்பதையும் படித்தேன். வட்டம் போனது. பூசணித் துண்டைத் திருப்பிப் போட்டேன்.

பத்து மணிக்கு வந்த கடிதத்தை நான் மனப்பாடமாகச் சொல்வேன். "பனி விழ ஆரம்பிச்சிருக்கு. இப்போ கிளம்பினா சக்கரத்துக்குச் செயின் கட்டாமலே இறங்கிடலாம். ஒரு மணி நேரம் போனா முடியாது. உன் பதில் எல்லாம் ஒரே மாதிரி வருது, எழுத்து மாறாம. நேத்து ராத்திரியே யோசிச்சேன், இது மெஷினா இருக்கும்னு. மெஷினா இருந்தா நான் இப்பவே இறங்கிடுவேன். ஆனா ஒன்னு போகுதே. காலையில எல்லா ஒன்னும் போயிடுச்சு. மெஷின் பதில் போடும், படிக்காது. இதையும் படிச்சா நான் இருக்கேன். நான் கிளம்பிப் போயி, நீ மேல வந்து ஆளில்லாம மாட்டிக்கிட்டா என் பொண்ணு என்னை மன்னிக்க மாட்டா."

அறிவிப்பில் முதல் வரி மட்டும்தான் தெரியும், முழுதும் படித்தால்தான் இது தெரியும் என்று நீங்கள் எனக்காக வாதாடலாம். படிக்கும் முன்னாலேயே திறந்தாகிவிட்டதே என்று. உண்மைதான். திறந்ததும் அந்த ஒன்று போய்விட்டது. ஆனால் அதன் பிறகும் என் கையில் போன் இருந்தது. 'வரவில்லை, இறங்குங்கள்' என்று எழுத நான்கு வினாடி போதும். எழுதினால் அந்த மனிதர் கீழே வருவார். வந்தால் யார் என்று தேடுவார். தேடினால் பாங்யோவுக்கு வருவார், டிரக்கோடு. விடுமுறைக்கு அப்புறம் இதற்கு ஒரு நல்ல பதில் யோசித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு வேளை பனி நின்றுவிடும் என்றும் நினைத்தேன்.

"மாவு காயுதுடி" என்றாள் அம்மா. போனை வைத்துவிட்டு மாவைக் கலக்கினேன்.

அதற்கப்புறம் அன்று சாயங்காலம் வரை இருபத்தொரு கடிதம் வந்தது. வந்தது வந்ததும் படித்தேன். நேற்று நீங்கள் கேட்டீர்கள்: "இருபத்தொன்னையும் படிச்ச ஆளுக்கு அவசர உதவிக்கு 119-ஐ அழுத்த ஒரு விரல் கிடைக்கலையா?" கிடைத்தது. அழுத்தினால் எந்தக் கணக்கு, உனக்கு எப்படித் தெரியும், நீ யார் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் என்னிடம் இல்லை. பதில் இல்லாத இடத்துக்கு நான் பழகவில்லை.

மூன்று மணிக்குப் பெட்ரோல் தீர்ந்தது. உதவிக்கு ஆளைக் கூப்பிட்டால் தன்னைக் கீழே கொண்டுபோய்விடுவார்கள், நான் மேலே வந்து தனியாக மாட்டிக்கொள்வேன், அதனால் கூப்பிடவில்லை என்று எழுதினார். நான்கு மணிக்கு அவர் போனில் சார்ஜ் தீர்ந்தது. மகள் போனில் அவளை வெளியேற்றிவிட்டுத் தன் பெயரில் நுழைந்து எழுதினார். அதற்கு முன் அவளுடைய அன்றைய முத்திரையைக் குத்தியிருந்தார், வருகைப் பலகையில் இருக்கிறது. ஐந்தேமுக்காலுக்குக் கடைசிக் கடிதம்: "டீ ஆறிப்போச்சு. உன் கோப்பையை மட்டும் கோட்டுக்குள்ள வெச்சிருக்கேன். ஒன்னு போகுது. யாரோ படிக்கறீங்க. அது போதும்."

அதையும் திறந்தேன். அப்போது சித்தி கறி உருண்டையை என் வாயில் ஊட்டினாள், உப்புப் பார்க்க. சரியாக இருக்கிறது என்றேன். புத்தாண்டு அன்று மதியம் பனி அள்ளும் வண்டிக்காரர்கள் அவரைக் கண்டுபிடித்தார்கள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். ஆனால் அதற்கு முன்பே தெரியும். சிவப்பு வட்டம் அதற்கப்புறம் வரவே இல்லை.

ஆக, உங்கள் கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள். தானியங்கிப் பதில் அவரைக் கொல்லவில்லை. அதை மட்டும் விட்டுவிட்டு நான் ஒரு கடிதத்தையும் திறக்காமல் இருந்திருந்தால், மெஷின் என்று புரிந்துகொண்டு பத்து மணிக்கே இறங்கியிருப்பார். அந்த ஒன்றை ஒவ்வொரு தடவையும் அழித்தது நான்தான். பியோன் ஜோங்-மானைக் கொன்றது நான்தான். இதை மறுப்பதற்கு எந்தச் சொல்லையும் தேட மாட்டேன்.

ஆனால் இந்த ஒன்றையும் அதோடு சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான்கு வருடம் அந்த மனிதர் எழுதியதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. கடைசி நாளில் அவர் எழுதிய ஒரு வரிகூடப் படிக்கப்படாமல் நிற்கவில்லை. கடைசி வரைக்கும் அவரை நான் தனியாக விடவே இல்லை, ஐயா.